பழைய மசில் காருக்குப் புது கேஜ்கள்: டேஷ்போர்டின் பின்புறத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

டேங்கை முழுதாக நிரப்பிவிட்டு வண்டியில் ஏறினேன். பெட்ரோல் முள் பாதியைத் தாண்டிச் சற்று மேலே நின்றது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத புது கேஜ். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மூன்று நாள்கள் ஓட்ட ஓட்ட முள் கீழே இறங்கவில்லை, மெல்ல மெல்ல மேலே ஏறியது. நான்காம் நாள் இரவு, மிச்சிகன் நெடுஞ்சாலை ஒன்றில், முள் நிறைவுக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபோது இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை.

என்னுடையது 1968ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ, பெரிய இஞ்சின் போட்ட வேக வண்டியான அமெரிக்க மசில் கார், 327 கன அங்குல வி8. அதற்கு நான் வாங்கிப் பொருத்திய கேஜ்களில் எந்தப் பழுதும் இல்லை. கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, ஆரஞ்சு முள் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். முகத்தைப் பார்த்து வாங்கினேன், அதுதான் தவறு. டேஷ்போர்டில் தெரியும் முள், டேங்கிலும் இஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் தொடங்கும் ஒரு வயரின் கடைசி நுனி. அந்த வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அறிந்த பிறகே நுனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. அழகைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும்.

முதல் படி: வண்டியில் இப்போது இருப்பதை எழுதி வையுங்கள்

1960களின் அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவை மிகக் குறைந்த கேஜ்களுடன் ஆலையிலிருந்து வந்தன. 1967, 1968 கமாரோவின் சாதாரண டேஷில் இரண்டு பெரிய வட்டங்கள் இருக்கும். ஒன்றில் வேகமானி, மற்றதில் பெட்ரோல். எண்ணெய் அழுத்தம், வெப்பம், சார்ஜ் ஆகியவற்றுக்கு வெறும் சிவப்பு விளக்குகள். அமெரிக்க மெக்கானிக்குகள் இவற்றை ‘முட்டாள் விளக்குகள்’ என்பார்கள்; சேதம் நடந்து முடியும் நேரத்தில்தான் எரியும் என்பதால். யூ17 என்ற குறியீட்டுடன் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு வலது வட்டத்தில், இஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டரும், கியர் லீவருக்கு முன்னால் கன்சோலில் சிறு கேஜ்களும் கிடைத்தன. 1966 ஃபோர்டு மஸ்டாங்கிலோ நடுவில் வேகமானியும் அதைச் சுற்றி நான்கு சிறு வட்டங்களும் எல்லா வண்டிக்கும் வந்தன. போன்டியாக் 1967இல் டேக்கோமீட்டரை பானெட்டின் மேலேயே, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகப் பொருத்திக் கொடுத்தது. அதை இன்றும் எங்கு கண்டாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

உங்கள் வண்டி எந்த வகை என்பது ஏன் முக்கியம்? விளக்கு மட்டும் உள்ள வண்டியில் இஞ்சின் மீது இருப்பது சென்சார் அல்ல, சுவிட்ச். எண்ணெய் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே விழுந்தால் விளக்கை எரிய வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அதனுடன் கேஜை இணைத்தால் முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவும், நடுவில் எங்கும் நிற்காது. ஆகவே விளக்கிலிருந்து கேஜுக்கு மாறுகிறவர் சென்சார்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். வயரிங்கும் மாறக்கூடும், விளக்கு வண்டிக்கும் கேஜ் வண்டிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வேறு வயர்க் கட்டுகளைப் போட்டது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இவற்றை எழுதுங்கள்: தயாரிப்பு ஆண்டு, இஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸிலின் விகிதம், டயர் அளவு, ஆல்டர்னேட்டர், இக்னிஷன் வகை, டேங்கும் அதன் சென்சாரும் பழையவையா மாற்றப்பட்டவையா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டியில் இவற்றில் பாதியாவது முந்தைய உரிமையாளர்களால் மாற்றப்பட்டிருக்கும். ஆலைக் கையேட்டை நம்பாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: மூன்று வழிகளில் எது உங்கள் வழி?

பழைய கேஜ்களையே பழுது பார்த்து மீட்பது ஒரு வழி. உங்கள் வண்டி அதன் பிறவி இஞ்சினுடன், ஆலையில் போட்ட கேஜ் தொகுதியுடன் இருக்கிறது என்றால் இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். அந்தத் தொகுதியை வெட்டிவிட்டுப் புதியதை நுழைப்பது மனம் பொறுக்காத செயல். பழைய வேகமானிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, அளவு திருத்தி, டயலுக்கு மீண்டும் அச்சிட்டுத் தரும் பட்டறைகள் அமெரிக்கா முழுவதும் இருக்கின்றன.

இரண்டாவது வழி, உங்கள் வண்டியின் டேஷுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்ட புதிய தொகுதி. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலுள்ள டகோட்டா டிஜிட்டல், மிச்சிகனின் பாய்ன் சிட்டியிலுள்ள கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவை இவற்றைச் செய்கின்றன. டகோட்டாவின் ஆர்டிஎக்ஸ் வரிசை பழைய முகத்தை ஒட்டியே வடிவமைக்கப்பட்டது. அணைந்திருக்கும்போது பழைய டேஷ் போலவே தெரியும். டேஷை வெட்ட வேண்டியதில்லை என்பது இவ்வழியின் பெரும் நன்மை. பழையதை ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்தால், நாளை வண்டியை வாங்குகிறவர் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, தனித்தனி வட்டக் கேஜ்களை வாங்கி, அலுமினியத் தகட்டில் துளையிட்டுப் பொருத்துவது. இல்லினாயின் சிகமோர் நகரிலுள்ள ஆட்டோ மீட்டர் இந்த வகையில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். சிறு கேஜ்களின் வழக்கமான அளவு 2 1/16 அங்குலம், அதாவது 52 மில்லிமீட்டர். வேகமானிக்கும் டேக்கோமீட்டருக்கும் 3 3/8 அங்குலமும் 5 அங்குலமும் பரவலானவை. பந்தய வண்டிக்கும், டேஷ் ஏற்கெனவே சிதைந்துவிட்ட வண்டிக்கும் இது பொருந்தும். நான் செய்ததும் இதுதான்.

மூன்றாம் படி: ஓம் கணக்கு

இங்கே நிதானமாகப் படியுங்கள். என்னை நெடுஞ்சாலையில் நிறுத்தியது இந்தக் கணக்குதான்.

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது அதனுடன் சேர்ந்த மின்தடையின் அளவு மாறுகிறது. மின்தடையை அளக்கும் அலகுதான் ஓம். கேஜ் படிப்பது அந்தத் தடையைத்தான், பெட்ரோலை அல்ல. எந்தத் தடைக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. 1965க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்த டேங்குக்கு 90 ஓம். அதற்கு முந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 0 முதல் 30. ஃபோர்டிலும் கிரைஸ்லர் குடும்பத்திலும் தலைகீழ்: காலிக்கு ஏறத்தாழ 73, நிறைவுக்கு ஏறத்தாழ 10. சந்தையில் கிடைக்கும் பொதுவான சென்சார்களில் காலிக்கு 240, நிறைவுக்கு 33.

இப்போது என் கதையைத் திரும்பப் பாருங்கள். நான் மாட்டியது 240க்கு 33 கேஜ். டேங்கில் இருந்தது ஷெவர்லேயின் 0க்கு 90 சென்சார். டேங்க் நிறைந்தபோது வந்த 90 ஓமை என் கேஜ் ‘பாதிக்குச் சற்று மேல்’ என்று படித்தது. பெட்ரோல் குறையக் குறைய ஓமும் குறைந்தது. அந்தக் கேஜின் மொழியில் ஓம் குறைந்தால் டேங்க் நிறைகிறது என்று பொருள். ஆகவே முள் ஏறியது. கேஜும் பொய் சொல்லவில்லை, சென்சாரும் பொய் சொல்லவில்லை. இருவர் பேசிய மொழிதான் வேறு.

வாங்கும் முன் செய்ய வேண்டியது எளிது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு சிறு பொறிகூட வேண்டாம். டேங்க் சென்சாரின் வயரைப் பிரித்து, சென்சார் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓமைப் படியுங்கள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது உத்தேசமாகத் தெரிந்தால், எந்தக் குடும்பம் என்று விளங்கிவிடும். டேங்க் மாற்றப்பட்ட வண்டியில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பழைய கேஜ் உயிருடன் இருக்கிறதா என்று அறிய இன்னொரு வழி உண்டு. பேட்டரியை மீண்டும் இணைத்து, டேங்கிலிருந்து தள்ளிப் பிடித்த அந்தச் சென்சார் வயருடன் இக்னிஷனைப் போடுங்கள். ஷெவர்லேயில் முள் நிறைவைத் தாண்டிப் போகும். வயரை எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில், வைத்தால் காலிக்கு இறங்கும். ஃபோர்டிலும் கிரைஸ்லரிலும் எர்த்தில் வைத்தால் நிறைவை நோக்கி ஏறும். அவற்றில் ஓரிரு விநாடிக்கு மேல் எர்த்தில் பிடிக்காதீர்கள், கேஜ் எரிந்துவிடும். முள் இப்படி ஒழுங்காக நடந்தால் கேஜ் நலமாக இருக்கிறது. பழுது டேங்கிலோ எர்த்திலோதான். புது கேஜுக்குச் செலவழிக்கவே தேவையில்லாமல் போகலாம்.

கேஜைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ஓம் எண், நீங்கள் அளந்த எண்ணுடன் பொருந்த வேண்டும். எந்த ஓமுக்கும் அமைத்துக்கொள்ளக்கூடிய கேஜ்களும் இப்போது வருகின்றன. அவை கிடைத்தால் டேங்கை இறக்க வேண்டிய வேலை மிச்சம். எண்ணெய், வெப்பக் கேஜ்களுக்கு இந்தக் குழப்பத்திற்கே இடம் கொடுக்காதீர்கள்: கேஜுடன் வரும் சென்சாரையே மாட்டுங்கள்.

நான்காம் படி: மின்சாரம் எப்படி வருகிறது?

ஃபோர்டும் கிரைஸ்லரும் கேஜ்களுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்கவில்லை. இடையில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. உள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடாகி விலகி, குளிர்ந்து சேர்ந்து, சராசரியாக ஏறத்தாழ 5 வோல்ட் கிடைக்கும்படி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். புதிய 12 வோல்ட் கேஜை இந்த வயரில் இணைத்தால் தப்பாகக் காட்டும். பழைய கேஜுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகும். சில டாட்ஜ், பிளைமவுத் கார்களில் இந்தப் பெட்டி பெட்ரோல் கேஜின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் மற்ற கேஜ்களும் சேர்ந்து பலியாகும். பழையவற்றை வைத்துக்கொள்கிறவர்கள் அந்தப் பெட்டிக்குப் பதில் மின்னணு வகையை மாட்டிவிடுவது நல்லது.

அடுத்தது ஆம்மீட்டர், சார்ஜ் மின்சாரத்தின் அளவைக் காட்டும் கேஜ். இதைப் படிக்கும் உங்களிடம் 1960களின் டாட்ஜோ பிளைமவுத்தோ இருந்தால், மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் கவனியுங்கள். அந்த வண்டிகளில் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே ஓடும் சார்ஜ் மின்சாரம் முழுவதும் இஞ்சின் அறைச் சுவரிலுள்ள இணைப்பானைத் தாண்டி டேஷுக்குள் வந்து, ஆம்மீட்டரின் இரண்டு ஆணிகள் வழியாகப் போய், மறுபடியும் அதே சுவரைத் தாண்டி வெளியேறுகிறது. அந்தக் காலத்துச் சிறு ஆல்டர்னேட்டருக்கு அது தாங்கியது. ஐம்பது ஆண்டு துருவும் தளர்வும் சேர்ந்து, மின்விசிறி, பெரிய ஒலிபெருக்கி, 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எல்லாம் வந்த பிறகு அந்த இணைப்பான் சூடாகி உருகுகிறது. தெரிந்த ஒருவரின் 1968 டாட்ஜ் சார்ஜர் காரில் இணைப்பானின் பிளாஸ்டிக் பழுப்பேறி, முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். தீ பிடிக்கவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது இது: ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரி ஆணிக்குத் தடித்த வயர் ஒன்றை நேராக இழுத்து, அதில் உருகு வயர் ஒன்றைச் சேருங்கள். உருகு வயர் தான் காக்கும் வயரைவிட, வயர்த் தடிமன் எண் கணக்கில் நான்கு எண் மெலிதாக இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் வழக்கம். டேஷுக்குள் ஆம்மீட்டரின் இரு வயர்களையும் ஒன்றாக முறுக்காணியில் இறுக்கி, நன்றாகக் காப்பிடுங்கள். ஆம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வரட்டும். அது மெல்லிய வயர் ஒன்றில், ஃபியூஸுக்குப் பின்னால் நிம்மதியாக வேலை செய்யும். இஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலம். ஷெவர்லேயின் ஆம்மீட்டர் வேறு வகை. ஒரு வயர்த் துண்டின் இரு முனைகளுக்கு இடையிலான மிகச் சிறிய வோல்ட் வேறுபாட்டை மட்டும் படிப்பது. ஆபத்தில்லை, ஆனால் முள் அதிகம் அசையாது. அங்கும் வோல்ட்மீட்டரே பயனுள்ளது.

சார்ஜ் விளக்கைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பல ஆல்டர்னேட்டர்களில் அந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் அதை விழிக்கச் செய்கிறது. விளக்கை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டரை மட்டும் வைத்தால், சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காது. புதிய தொகுதியில் சார்ஜ் விளக்கு இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு ஈடாக எந்த மின்தடையைச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று கையேட்டில் பாருங்கள்.

எர்த்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய உலோக டேஷ் தானாகவே எர்த் ஆனது. புதிய பிளாஸ்டிக் தொகுதி ஆகாது. அதற்குத் தனி எர்த் வயர் இழுங்கள், இஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டையையும் புதுப்பித்துவிடுங்கள். முகப்பு விளக்கைப் போட்டதும் பெட்ரோல் முள் ஆடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஐந்தாம் படி: வேகமானி

அமெரிக்க வேகமானி கேபிள் ஒரு மைலுக்கு 1,000 சுற்று சுற்ற வேண்டும் என்பது பழைய விதி. மணிக்கு 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்திற்கு 1,000 சுற்று. கியர் பாக்ஸின் வாலுக்குள் இருக்கும் இரண்டு சிறு பற்சக்கரங்கள் இதைச் சரிக்கட்டுகின்றன. டயரையோ ஆக்ஸில் விகிதத்தையோ மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

என் வண்டியையே எடுத்துக்கொள்வோம். டயர் விட்டம் 26 அங்குலம். ஒரு சுற்றுக்கு 81.7 அங்குலம் நகரும். மைலுக்கு ஏறத்தாழ 776 சுற்று. 3.08 ஆக்ஸிலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மைலுக்கு 2,390 முறை சுற்றும். ஓட்டும் சக்கரத்தில் 8 பல் என்றால், ஓட்டப்படும் சக்கரத்தில் 19 பல் வேண்டும். இப்போது விரைவான ஓட்டத்துக்காக ஆக்ஸிலை 3.73க்கு மாற்றினால் ஷாஃப்ட் 2,894 முறை சுற்றும். பற்சக்கரத்தை மாற்றாவிட்டால் உண்மையான 60 மைலுக்கு முள் ஏறக்குறைய 73 காட்டும். 23 பல் சக்கரம் போட்டால் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். உங்கள் கியர் பாக்ஸுக்கு அந்தப் பல் எண்ணில் சக்கரம் கிடைக்கவில்லையென்றால், கேபிளின் நடுவே மாட்டும் விகிதப் பெட்டிகள் உண்டு.

விட்டத்தை டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதிலிருந்து எடுக்காதீர்கள். டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நீங்கள் வண்டியில் அமர்ந்திருக்க ஒருவரை மெதுவாகத் தள்ளச் சொல்லி, ஒரு முழுச் சுற்றுக்குத் தரையில் எவ்வளவு நகர்ந்தது என்று நாடாவால் அளந்து பாருங்கள்.

மின்னணு வேகமானி என்றால் பற்சக்கரத் தொல்லை இல்லை. கேபிள் இருந்த இடத்தில் துடிப்பு அனுப்பும் சென்சாரை மாட்டினால் போதும். மைலுக்கு 8,000 அல்லது 16,000 துடிப்பு என்பது பரவலான அளவு. ஒரு மைல் ஓட்டி, பொத்தானை அழுத்தி அளவு திருத்திக்கொள்ளலாம். பின்னாளைய மின்னணு கியர் பாக்ஸை மாட்டியவர்களுக்குக் கேபிள் துளையே இருக்காது, ஆகவே வேறு வழியும் இல்லை. ஜிபிஎஸ் வேகமானி எதனுடனும் இணைய வேண்டியதில்லை, துல்லியமும் உண்டு. ஆனால் கிளம்பியதும் செயற்கைக்கோளைத் தேடும், சுரங்கப் பாதையில் தடுமாறும். கேபிளைக் காப்பாற்ற முடிகிற வண்டியில் நான் கேபிளையே வைப்பேன். முள்ளின் அந்த மெல்லிய நடுக்கம் பழைய காரின் உயிர்த்துடிப்பு.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்கு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. புதிய ஓடோமீட்டரில் பழைய மைலைப் பதிய முடியாவிட்டால், அதைப் பூஜ்யத்தில் வைத்து, மாற்றும் முன் இருந்த மைலையும் மாற்றிய தேதியையும் எழுதிய சீட்டை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். இது பழைய வண்டிக்கும் பொருந்தும். கழற்றும் முன் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: டேக்கோமீட்டர்

நான்கு வீச்சு வி8 இஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பொறி விடும். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்திற்கு 6,000 சுற்றில், விநாடிக்கு 400. டேக்கோமீட்டர் எண்ணுவது இதைத்தான். பழைய பாயின்ட் இக்னிஷனில் காயிலின் எதிர்மின் முனையில் ஒரு வயரை இணைத்தால் போதும். எம்எஸ்டி நிறுவனத்தினது போன்ற மின்தேக்கி வகை இக்னிஷன் பெட்டி உள்ள வண்டியில் காயில் முனையைத் தொடவே கூடாது. அங்கே பாயும் உயர் வோல்ட் டேக்கோமீட்டரைக் கொன்றுவிடும். பெட்டியிலேயே இதற்கெனத் தனி முனை இருக்கும்.

1967க்குப் பிந்தைய மஸ்டாங்கின் ஆலை டேக்கோமீட்டர் இன்னொரு வகை. காயிலுக்குப் போகும் மின்சாரமே அதன் ஊடாகப் போகிறது. மின்னணு இக்னிஷனுக்கு மாறியவர்களிடம் அது ஒழுங்காக நடக்காது. உள்ளுறுப்பை மட்டும் புதியதாக்கி முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகைப் புது இஞ்சினை இறக்கியவர்களுக்கு: முந்தைய எல்எஸ் கணினிகள் சுற்றுக்கு இரண்டு துடிப்புதான் அனுப்புகின்றன, நான்கு சிலிண்டர் இஞ்சின் போல. டேக்கோமீட்டரை எட்டு சிலிண்டருக்கு வைத்தால் 6,000 சுற்றுக்கு 3,000 காட்டும். இன்னும் இடமிருக்கிறது என்று நம்பி மிதிப்பவரின் இஞ்சின் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிலிண்டர் எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத டேக்கோமீட்டரை வாங்காதீர்கள்.

ஏழாம் படி: எண்ணெயும் வெப்பமும்

இயந்திர வகையா, மின்சார வகையா என்பதுதான் கேள்வி. இயந்திர எண்ணெய்க் கேஜ் துல்லியமானது, ஆனால் இஞ்சினின் கொதிக்கும் எண்ணெயையே மெல்லிய குழாயில் உங்கள் முழங்காலுக்கு மேலே கொண்டுவருகிறது. நைலான் குழாய் எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டால் உருகிவிடும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு மின்சார வகையே போதும். பந்தயத்துக்கு இயந்திர வகைதான் வேண்டும் என்றால் பின்னல் எஃகு உறையிட்ட குழாயைப் போடுங்கள். இயந்திர வெப்பக் கேஜின் குழாயை நறுக்கவோ மடக்கவோ முடியாது. மடிந்த அன்றே அதன் ஆயுள் முடிந்தது.

வாங்கும் முன் மரை அளவைச் சரிபாருங்கள். பழைய ஷெவர்லே இன்டேக் மேனிஃபோல்டில் வெப்பச் சென்சாருக்கு 1/2 அங்குலக் குழாய் மரை வழக்கம். எல்எஸ் சிலிண்டர் தலைகளில் 12 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. சென்சார் தன் எர்த்தை மரை வழியாகத்தான் பெறுகிறது. அதில் டெஃப்லான் நாடாவைச் சுற்றிச் சுற்றி வைத்தால் எர்த் பலவீனமாகி முள் குறைத்துக் காட்டும். நாடா வேண்டாம், திரவச் சீலன்ட் சிறிது போதும்.

1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தம் என்பது மெக்கானிக்குகளின் பழைய மனக்கணக்கு. வெப்பம், உங்கள் தெர்மோஸ்டாட் 180 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் அதையொட்டி நிற்க வேண்டும்.

எட்டாம் படி: இனி முகத்தைப் பாருங்கள்

இவ்வளவும் பொருந்தும் கேஜ்கள் ஏழெட்டு வகை மிஞ்சும். அவற்றுக்குள் மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என் கண்ணுக்கு, 1960களின் டேஷில் மெல்லிய வெள்ளை எழுத்தும் மங்கலான கறுப்புமே இயல்பாக உட்காரும். கார்பன் இழை முகமும் நீல ஒளியும் அந்த டேஷில் அந்நியமாக நிற்கின்றன. முள் 270 டிகிரி சுழலும் கேஜில் சிறு மாற்றமும் தெரியும், 90 டிகிரி வகையில் தெரியாது. எண்ணெய் அழுத்தத்துக்காவது 270 வகையை வாங்குங்கள். டேக்கோமீட்டரின் சிவப்புக் கோடு உங்கள் இஞ்சினுக்குரியதா என்றும் பாருங்கள். ஆலைகளே இஞ்சினுக்கு இஞ்சின் வேறு கோடு போட்டன.

எல்இடி விளக்கு கொண்ட தொகுதிகள் பல, முகப்பு விளக்கு சுவிட்சிலுள்ள பழைய மங்கல் திருகுக்குக் கட்டுப்படுவதில்லை. இரவில் கண் கூசும். தனி மங்கல் கட்டுப்பாடு வருகிறதா என்று கேளுங்கள். டேஷின் உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள்: வைப்பர் இணைப்பும் காற்றுக் குழாயும் பின்னால் காத்திருக்கும். கேஜின் நீளத்துக்கு அட்டைச் சுருள் ஒன்றைச் செய்து உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

ஒன்பதாம் படி: மூடும் முன் சோதனை

டேஷைத் திருகி மூடிவிடாதீர்கள். தொகுதியை ஸ்டீயரிங் மேல் துணி விரித்துக் கிடத்தி, எல்லாவற்றையும் இணைத்து, ஒவ்வொரு விளக்கையும் இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் முள் சில விநாடிகளில் எழுகிறதா, வெப்பம் படிப்படியாக ஏறுகிறதா, வோல்ட் 14ஐ நெருங்குகிறதா என்று கவனியுங்கள். மல்டிமீட்டரில் வோல்ட்டை ஒப்பிடுங்கள், கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் வேகத்தை ஒப்பிடுங்கள்.

பெட்ரோலுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். சரியான 0க்கு 90 கேஜை மாட்டிய பின், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டேங்கை முழுதும் வடித்தேன். முள் காலிக் கோட்டில் நின்றது. பிறகு ஒவ்வொரு கேலனாக ஊற்றி, ஊற்றியதும் ஒரு நிமிடம் பொறுத்து, முள் நின்ற இடத்தை நோட்டில் வரைந்துகொண்டேன். முதல் இரண்டு கேலன் வரை முள் அசையவே இல்லை. மிதவை டேங்கின் அடியைத் தொடுவதற்கு முன்பே அதன் கை முடிந்துவிடுகிறது. மூன்றாவது கேலனில் முள் மெல்ல எழுந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.